சென்னைக்காரருக்கு எந்த ஊர்?

(“பெருநகரத்தில் வாழ்கிறவர் தன் மாநிலத்தோடு ஒட்டி நிற்கிறாரா, ஒதுங்கி நிற்கிறாரா?” என்ற பட்டிமன்றத்தில், ‘ஒட்டியே நிற்கிறார்’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசின அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். “சென்னைக்காரனுக்குச் செங்கல்பட்டைத் தாண்டினா எல்லாம் ஒண்ணுதான். தஞ்சாவூரும் ஒண்ணு, தர்மபுரியும் ஒண்ணு. மதுரைக்குப் பக்கம் விருதுநகரா, விழுப்புரமான்னு கேட்டா வாட்ச்சைப் பார்ப்பான்” என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்லாப் பேசினா எதிரணி, நம்ம அணின்னு பார்க்கக்கூடாது.

ஆனால் ஐயா, சென்னையில் இரண்டு பேர் புதுசாகச் சந்தித்தால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா?

“சாருக்கு எந்த ஊரு?”

“மெட்ராஸ்தாங்க.”

“அது தெரியுது. சொந்த ஊரு?”

“பொறந்து வளர்ந்ததே இங்கதாங்க, மாம்பலம்.”

“அப்படியா... அப்பாவுக்கு?”

“அவருக்கும் மாம்பலம்தான்.”

கேட்டவர் முகம் வாடிப் போகும். விடமாட்டார். “தாத்தா?”

“தாத்தா கோவில்பட்டிப் பக்கம்.”

“அப்படிச் சொல்லுங்க! நீங்க கோவில்பட்டியா! நமக்கு எட்டயபுரம்!” (சிரிப்பு)

அந்த மனிதர் கோவில்பட்டியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அவர் கோவில்பட்டிக்காரர் ஆகிவிட்டார். சென்னை அவர் வீட்டு விலாசம், ஊர் வேறு. நம்முடைய பேச்சில் ‘நான் சென்னையில இருக்கேன், எனக்கு ஊரு திருவாரூர்’ என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. சொல்கிறவருக்கும் குழப்பம் இல்லை, கேட்கிறவருக்கும் குழப்பம் இல்லை. எதிரணி தேடிக்கொண்டிருக்கிற மாநிலப் பற்று இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. நகரத்துக்காரர் மாநிலத்தோடு நேராக ஒட்டுவதில்லை, ஊர் வழியாக ஒட்டுகிறார். பொங்கலுக்கு முந்தின நாள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். 2023 டிசம்பரில் திறந்த நிலையம், அவ்வளவு பெரிய இடம், அதுவும் போதவில்லை. பரனூர் சுங்கச்சாவடியில் வண்டி நிற்கிற நிலை நமக்குத் தெரியும். மூன்று நாள் அண்ணா சாலையில் பையன்கள் கிரிக்கெட் விளையாடலாம் போல ஊர் வெறிச்சோடுகிறது. ஒதுங்கி நிற்கிறவன் எதற்கையா பதினாலு மணி நேரம் பேருந்தில் நின்றுகொண்டு போகிறான்?

எதிரணித் தலைவர் உடனே கேட்பார்: “ஊரை விட்டு ஓடி வந்தவங்களும் இருக்காங்களே, அவங்க?” நியாயமான கேள்வி. ஊர் கேட்கிறவர்களில் சில பேர் ஊருக்காகக் கேட்பதில்லை. அது வேறு கணக்கு, உங்களுக்கே தெரியும். ஊரில் டீக்கடையில் தனிக் குவளை வைத்த காலத்தைப் பார்த்துவிட்டு, இந்த நகரத்தில் யாரும் யார் என்று கேட்காத நெரிசலில் வந்து நின்று மூச்சு விட்டவர்கள் உண்டு. அவர்களிடம் போய் ‘சொந்த ஊர் பாசம்’ என்று நான் வசனம் பேசமாட்டேன். ஆனால் அவர்களுக்கு ஊரோடுதான் கோபம். பள்ளிக்கூடம், விடுதி, உதவித்தொகை, வேலை வாய்ப்பில் இடம் என்று அவர்கள் ஊரை எதிர்த்து நிற்பதற்குக் கை கொடுத்ததில் பெரும் பங்கு மாநிலத்தின் சட்டத்துக்கும் உண்டு. ஊரை வெறுத்தவரும் மாநிலத்தோடு ஒட்டலாம். இதை எதிரணி யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, கொஞ்சம் சரித்திரம் பேசலாம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

ஒரு காலத்தில் இந்த மாநிலத்துக்கும் இந்த நகரத்துக்கும் ஒரே பேர்தான். நகரம் மெட்ராஸ்; மாநிலமும் மெட்ராஸ். திருநெல்வேலியில் இருக்கிறவரும் மெட்ராஸ் மாநிலத்துக்காரர். வீட்டுக்கு வாசல்படியின் பேரை வைத்த மாதிரி! கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1639இல் கடற்கரையில் வாங்கின மணல் திட்டின் பேர், ஒரு பெரிய ராஜதானிக்கே பேராக விரிந்துவிட்டது. அந்தப் பேரை மாற்றக் கேட்டு விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாவிரதம் இருந்து உயிரையே விட்டார். 1969 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில்தான் ‘தமிழ்நாடு’ என்று ஆனது. நகரத்தின் பேர் சென்னை என்று மாறியது 1996இல். நடுவில் இருபத்தேழு வருஷம் மாநிலம் ஒரு பேர், தலைநகரம் ஒரு பேர். இன்றைக்கும் இங்கிலீஷில் மெட்ராஸ் ஹைகோர்ட்தான், மெட்ராஸ் யுனிவர்சிட்டிதான்.

வெளியே போனால் இன்னும் வேடிக்கை. டெல்லிக்குப் போன நாகர்கோவில்காரரை ‘மதராசி’ என்கிறார்கள். அவரும் எங்கே விளக்குவது என்று சலித்துப்போய், “ஆமா, சென்னை பக்கம்” என்கிறார். எழுநூறு கிலோமீட்டர், பக்கமாம்! (சிரிப்பு) உள்ளே இருக்கிறபோது நகரத்துக்காரர் ஊர்ப் பேரைச் சொல்கிறார். வெளியே போனதும் ஊர்க்காரர் நகரத்தின் பேரைச் சொல்கிறார். இது ஒதுங்கல் என்றால், ஒட்டல் என்பதற்கு வேறு என்ன அடையாளம்?

இந்த நகரம் மாநிலத்தோடு இருக்குமா, இருக்காதா என்பது ஒரு தடவை நிஜமாகவே கேள்வியாக வந்தது. ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தார். ‘மதராஸ் மனதே’, அதாவது மதராஸ் நம்முடையதே, என்று அந்தப் பக்கம் முழக்கம். ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்று இந்தப் பக்கம் ம.பொ.சி. முழக்கம். இரண்டு பக்கத்திலும் நியாயம் பேசினார்கள். நகரத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள், நம்மவர்கள்தான். கடைசியில் சென்னை இல்லாமல் 1953 அக்டோபர் 1 அன்று, கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது. இரண்டு கூட்டமும் எதற்கு ஐயா சண்டை போட்டது? எங்கள் மாநிலத்தில் இந்த நகரம் இருக்க வேண்டும் என்றுதானே? தனியாக நிற்கட்டும் என்று சாமானிய மனுஷன் தெருவுக்கு வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பம்பாயிலும் இதே கதைதான், இன்னும் ரத்தம் தோய்ந்த கதை. 1956 ஜனவரியில், பம்பாய் நகரத்தை மட்டும் தனியாக வெட்டி மத்திய அரசின் கையில் வைக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அந்த நகரத்தில் மராத்தி பேசுகிறவர்கள் பாதிக்கும் குறைவு. கணக்குப்படி பார்த்தால் ‘நல்லதாப் போச்சு’ என்று இருந்திருக்க வேண்டும். இருந்தார்களா? மில் தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். போராட்டத்தில் நூறு பேருக்கு மேல் உயிர் போனது. மத்திய நிதி மந்திரியாக இருந்த சி.டி. தேஷ்முக் பதவியைத் தூக்கிப் போட்டார். 1960 மே 1 அன்று பம்பாயைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் உண்டானது. ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கத்தில் ஹுதாத்மா சௌக் என்று தியாகிகளுக்கு நினைவுச் சின்னம் இன்றும் நிற்கிறது.

எதிரணியில் ஒரு தம்பி நியூயார்க்கைக் கொண்டுவந்தார். “அமெரிக்காவைப் பாருங்கள், நியூயார்க் நகரத்துக்காரனுக்கு மாநிலமாவது ஒன்றாவது” என்றார். உண்மைதான், அங்கே ஒட்டுதல் குறைச்சல். மாநிலத்துக்கும் நகரத்துக்கும் ஒரே பேர், ஆனாலும் நகரத்தைத் தாண்டினால் எல்லாவற்றையும் சேர்த்து ‘அப்ஸ்டேட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், நம்ம அம்மா சொன்ன செங்கல்பட்டுக் கதை மாதிரி. நார்மன் மெய்லர் என்ற பெரிய எழுத்தாளர் 1969இல் மேயர் பதவிக்கு நின்றபோது, நகரத்தைப் பிரித்து 51ஆவது மாநிலம் ஆக்குவோம் என்றே பிரசாரம் செய்தார். தம்பி இதைச் சொன்னார். அவர் தோற்றுப் போனதைச் சொல்லவில்லை. (கைதட்டல்)

அங்கே ஏன் ஒட்டவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த மாநிலத்தின் தலைநகரம் நியூயார்க் நகரம் இல்லை. ஆல்பனி என்ற சின்ன ஊர். சிகாகோ இருக்கிற இல்லினாய்ஸுக்கும் தலைநகரம் சிகாகோ இல்லை, ஸ்பிரிங்ஃபீல்ட். பெரிய நகரத்துக்காரர் தன் தெருவில் முதலமைச்சரின் காரைப் பார்ப்பதே கிடையாது. இங்கே? கோட்டை கடற்கரையில் இருக்கிறது. முதலமைச்சர் போகிறார் என்று உங்களைச் சிக்னலில் இருபது நிமிஷம் நிறுத்தி வைக்கிறார்களே, மாநிலத்தை எப்படி மறப்பீர்கள்? (சிரிப்பு) மாவட்டத்துக்காரர் மனுவோடு வருகிறார், படத்தில் நடிக்க வருகிறார், பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார். மாநிலம் தினமும் எழும்பூரில் வந்து இறங்குகிறது. நியூயார்க்கிலும்கூட நகரத்தின் சுரங்க ரயிலை நடத்துவது மாநிலம் அமைத்த ஆணையம். குடிக்கிற தண்ணீர் வருவது 200 கிலோமீட்டர் வரை தள்ளியிருக்கிற கேட்ஸ்கில், டெலவேர் பக்கத்து மலைகளிலிருந்து. அந்த ஏரிகளைக் கட்ட மலையடிவாரத்துக் கிராமங்கள் சிலவற்றைக் காலி செய்து நீரில் மூழ்கடித்தார்கள். அந்தக் கிராமத்துக்காரர் பேரன் நியூயார்க் என்றதும் என்ன நினைப்பான்?

தண்ணீர் என்று வந்துவிட்டதால் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஐயா மணி அடிக்காமல் இருக்கவேண்டும்.

சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி எங்கே? திருவள்ளூர் மாவட்டம். சோழவரம்? அதே மாவட்டம். செம்பரம்பாக்கம்? காஞ்சிபுரம் மாவட்டம். போதாதென்று வீராணம். கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் சோழர் காலத்தில் வெட்டின ஏரி. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குத் தெரியும், கதை தொடங்குவதே அந்த ஏரிக்கரையில்தான். அந்த ஏரிக்குக் கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாக வருவது காவிரித் தண்ணீர். அதை நம்பி நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. அந்தத் தண்ணீரை 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் இழுத்துச் சென்னைக்குக் கொண்டுவருகிறோம். முதல் திட்டம் பாதியில் நின்றுபோய், ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவு குழாய்கள் வருஷக்கணக்காகச் சாலையோரம் கிடந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். புதுத் திட்டத்தில் 2004இல்தான் தண்ணீர் வந்தது.

உடனே எதிரணி சொல்லும், “கிருஷ்ணா தண்ணியும் வருதே, அப்ப சென்னைக்காரர் ஆந்திரத்தோடும் ஒட்டணுமா?” ஒட்டினால் தப்பில்லை. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்ட தண்ணீர் அது. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதலமைச்சர்களாக இருந்தபோது கால்வாய்க்கு ஒப்பந்தம் ஆனது. 1996இல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார்? சென்னை மாநகராட்சியா? மேயரா? இன்னொரு மாநிலத்தோடு உட்கார்ந்து தண்ணீர் பேச ஒரு நகரத்துக்கு நாற்காலி கிடையாது ஐயா. மாநிலம் போய் உட்கார்ந்தது. பெருநகரம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் அதன் குழாய்க்குப் பின்னால் மாநிலம் நிற்கிறது.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு விரிசல் விட்டன. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்றார்கள். அந்த ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை போட்டு வரவேற்காத குறைதான். ஆனால் ஜோலார்பேட்டை இருந்த வேலூர் மாவட்டம் தண்ணீர் பொங்கி வழிகிற மாவட்டமா? அங்கேயும் தாய்மார்கள் குடத்தோடு நின்றார்கள். ‘எங்களுக்கே இல்லாதபோது...’ என்று அந்தப் பக்கம் முணுமுணுப்பு எழத்தான் செய்தது. எழாதா பின்னே? இருந்தும் ரயில் வந்தது.

இப்போது எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். 2017 ஜனவரியில் அலங்காநல்லூருக்காக மெரினாவில் லட்சக்கணக்கில் கூடினார்களே, அதை எங்கள் அணித் தலைவர் சொன்னார். மாட்டுக் கொம்பைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க, ஒரு வாரம் மணலில் உட்கார்ந்தார்கள். மதுரைப் பக்கத்து வாடிவாசலுக்காகச் சென்னை உட்கார்ந்தது. சட்டமே திருத்தப்பட்டது. அதற்கு எதிரணி அம்மா திருப்பிக் கேட்டார்கள்: “அதே வருஷம் தமிழ்நாட்டு விவசாயிகள் டெல்லியில மண்டை ஓட்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்களே, அப்ப இந்த மெரினாக் கூட்டம் எங்கே போச்சு?”

இந்தக் கேள்வி எனக்குக் குத்துகிறது. மழுப்பமாட்டேன். நகரத்துக்காரர் மாநிலத்தின் காளைக்கு ஒட்டுகிற வேகத்தில் மாநிலத்தின் கால்வாய்க்கு ஒட்டுவதில்லை. ஆனால் அதற்குப் பேர் ஒதுங்கல் இல்லை ஐயா, தெரியாமை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அது காட்டுமன்னார்கோவில் என்று குழாயில் எழுதியிருக்கவில்லை. பொங்கல் பானையில் வைக்கிற கரும்பு எந்த ஊர் என்று கேட்டு வாங்குகிறோம், குடிக்கிற தண்ணீரைக் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், புதுக்கோட்டைப் பக்கம். பாட்டி போனதும் வீட்டை விற்றுவிட்டார்கள். பாகம் பிரிக்க வேறு வழியில்லை. அடுத்த பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பை கட்டுகிறார்கள். எட்டு வயசுப் பையன் அம்மாவிடம் கேட்டிருக்கிறான், “நாம எந்த ஊருக்கும்மா போறது?” அந்த அம்மா, “மகாபலிபுரம் போலாம்டா” என்றார்களாம். (சிரிப்பு) சிரிக்கிறோம், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இந்தப் பையன் நாளைக்கு வளர்ந்து, வீராணத்துக் கரையில் ஒரு விவசாயி ‘என் வயலுக்கு விட்டுட்டு உனக்குத் தரேன்’ என்று சொன்னால், அவரை யாரோ ஒரு அந்நியர் என்று நினைப்பானா, தாத்தா ஊர்க்காரர் என்று நினைப்பானா? எதிரணி சொல்கிற ஒதுங்கல் வந்தால் இப்படித்தான் வரும். இன்னும் வரவில்லை. கோவில்பட்டியைப் பார்க்காதவர் கோவில்பட்டிக்காரராக இருக்கிறவரைக்கும் வரவில்லை.

கடைசியாக ஒன்று. ராயபுரம், காசிமேடு, நொச்சிக்குப்பம் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சொந்த ஊரே சென்னைதான். பொங்கலுக்குப் போக வேறு ஊர் இல்லை. கோட்டை கட்டுவதற்கு முன்னாலேயே இந்தக் கரையில் வலை வீசினவர்கள். அவர்கள் பேசுகிற தமிழைச் சினிமாவில் வைத்துச் சிரித்தது யார்? மாநிலம் முழுக்கச் சேர்ந்து சிரித்தோம். ‘துட்டு’ டச்சுக்காரன் காசு, ‘நைனா’ தெலுங்கு, ‘பேஜார்’ இந்துஸ்தானி. துறைமுகத்துக்கு வந்தவர்களின் சொல்லையெல்லாம் வாங்கித் தமிழாக்கிப் பேசினவர்கள் அவர்கள். சென்னைக்காரர் மாநிலத்தோடு ஒட்டினாரா என்று ஒரு மணி நேரமாகக் கேட்கிறோமே, அவர்களோடு மாநிலம் ஒட்டியதா என்று யாராவது கேட்டோமா? அவர்கள் எந்தப் பட்டிமன்றத்துக்கும் காத்திருக்காமல், 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முடிச்சூரில் மொட்டை மாடியில் நின்றவரிடம் ‘உனக்கு எந்த ஊரு’ என்று கேட்டுக்கொண்டா படகில் ஏற்றினார்கள்?

ஐயா மணியில் கை வைத்துவிட்டார்கள். எனக்கு அடுத்து எதிரணித் தலைவர் வருகிறார். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டார், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். (சிரிப்பு) அது எந்த மாவட்டத்துத் தண்ணீர் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு ஒதுங்கி நிற்பதைப் பற்றிப் பேசட்டும். (கைதட்டல்)